‘ஏன்’ என்று கேட்காதீர்கள், எம்-புக்கைக் கேளுங்கள்

கேள்வி: “ஐயா, எங்கள் தெருவில் 2024 ஆகஸ்டில் பேவர் பிளாக் ரோடு போட்டார்கள். முதல் மழைக்கே ஓரத்துக் கல்லெல்லாம் சரிய ஆரம்பித்து, இப்போது டூவீலர் போனால் தெருவே ஆடுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஊராட்சிக்கு மனு போட்டேன். மொத்தம் 14 கேள்வி. 42-ஆம் நாள் அரைப் பக்கத்தில் பதில் வந்தது: ‘தாங்கள் கோரியவை வினா வடிவில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது. ஒப்பந்ததாரர் குறித்த விவரம் மூன்றாம் நபர் தகவல். மேற்படி காலப் பதிவேடுகள் முன்னாள் தலைவர் வசம் உள்ளன.’ இது கைக்கு வந்து 18 நாள் ஆகிறது. இதற்கிடையில் முன்னாள் தலைவரின் தம்பி கடைக்கே வந்து, ‘எதுக்குண்ணே வம்பு, தையலைப் பாருங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். மனுவின் நகலை இணைத்திருக்கிறேன். விட்டுவிடலாமா, மேலே போகலாமா?” (திருவண்ணாமலை மாவட்டத்தில் தையல் கடை வைத்திருக்கும் வாசகர். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

முதலில் நாள் கணக்கைப் பார்ப்போம். பதில் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். 18 நாள் போய்விட்டது, மிச்சம் 12. இந்தக் கட்டுரையை முழுக்கப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் அதை மட்டும் தவற விடாதீர்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. வெள்ளைத் தாளில் எழுதினால் போதும், வக்கீல் வேண்டாம். (நான் வக்கீல், நானே சொல்கிறேன்.)

சரி, உங்கள் மனுவுக்கு வருவோம். அதை இரண்டு முறை படித்தேன். கோபம் நியாயமானது, ஆனால் மனு சரியில்லை. ‘தரமில்லாத கல்லை ஏன் போட்டீர்கள்?’, ‘இதற்கு யார் பொறுப்பு?’, ‘எவ்வளவு கமிஷன் கைமாறியது?’ என்று போகிறது. கமிஷனுக்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது.

இந்தச் சட்டம் அதிகாரியை விசாரிப்பதற்கானது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தை உங்கள் கைக்குக் கொண்டுவரும் சட்டம், அவ்வளவுதான். ஆவணம், குறிப்பு, உத்தரவு, ஒப்பந்தம், அறிக்கை, மாதிரிப் பொருள், கணினியில் இருக்கும் தரவு, இவையெல்லாம் ‘தகவல்’ என்று பிரிவு 2(எஃப்) சொல்கிறது. இல்லாத ஒன்றைப் புதிதாகத் தயாரித்துத் தரவோ, கருத்துச் சொல்லவோ, விளக்கம் கொடுக்கவோ அலுவலர் கடமைப்பட்டவர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் ‘ஏன்’ என்று ஆரம்பிக்கும் கேள்வியைப் பார்த்தாலே அலுவலகத்தில் நிம்மதியாகி விடுவார்கள். ‘வினா வடிவில் உள்ளது’ என்று ஒரு வரி, முடிந்தது வேலை.

ஆனால் அவர்கள் ஒரு தவறு செய்திருக்கிறார்கள். உங்கள் 14-இல் மூன்று உருப்படியானவை: மதிப்பீட்டு நகல், வேலைக்கு ஒதுக்கிய தொகை, ஒப்பந்ததாரர் பெயர். கேள்விக்குறி போட்டு எழுதியிருந்தாலும் இவை ஆவணத்தில் இருக்கும் விவரங்கள்தான். மொத்தத்தையும் ஒரே கயிற்றில் கட்டித் தள்ளியது சட்டப்படி செல்லாது. தரக்கூடியதைத் தந்துவிட்டு, தர முடியாதவற்றுக்கு ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லியிருக்க வேண்டும். மறுக்கும்போது மேல்முறையீட்டு அலுவலர் யார், எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்றும் எழுத வேண்டும். நீங்கள் அனுப்பிய நகலில் அதுவும் இல்லை. மேல்முறையீட்டில் இந்த மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற பதினொன்றையும் அங்கே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். 30 நாள் கடந்து பதில் தந்ததால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும் என்று பிரிவு 7(6)-ஐயும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அதோடு கூடவே புதிதாக இன்னொரு மனு. நிஜமான வேலை இதில்தான் நடக்கும்.

ஒரு தெருவுக்குக் கல் பதிப்பதற்குள் எத்தனை காகிதம் பிறக்கிறது என்று பாருங்கள். தீர்மான நோட்டில் ஒரு தீர்மானம். ஒன்றியப் பொறியாளர் போடும் எஸ்டிமேட். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. ஒப்பந்தப்புள்ளி, ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியல், பணி ஆணை, உடன்படிக்கை. வேலை நடக்கும்போது அளவுப் புத்தகம். கடைசியில் பில். இத்தனையிலும் எனக்குப் பிடித்தது அளவுப் புத்தகம். அலுவலகத்தில் எல்லோரும் எம்-புக் என்பார்கள். மற்ற காகிதமெல்லாம் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லும். செய்து முடித்ததாக ஒருவர் அளந்து கையெழுத்துப் போட்டிருப்பது எம்-புக்கில்தான். அதை வைத்துத்தான் பணம் போகும்.

அதன் பக்கம் எப்படி இருக்கும் என்றால், இடது பக்கம் வேலையின் பெயர், வலது பக்கம் கட்டங்கள்: எண்ணிக்கை, நீளம், அகலம், கனம், மொத்தம். ‘1 × 120.00 × 3.00 = 360 ச.மீ’ என்று ஒரு வரி இருந்தால், உங்கள் தெருவில் 120 மீட்டர் நீளத்துக்கு 3 மீட்டர் அகலத்தில் கல் பதித்து முடிந்தது என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். அது போக கிராவல், மணல் படுக்கை, ஓரக்கல் ஒவ்வொன்றுக்கும் தனி வரி. இப்போது தெருவுக்குப் போய் அளக்க வேண்டியதுதான். உங்கள் தையல் டேப் போதாது, கொத்தனாரிடம் 30 மீட்டர் டேப் கேட்டு வாங்குங்கள்.

கல்லின் கனமும் முக்கியம். பேவர் பிளாக்கில் 60 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் என்று கனம் மாறும். நடைபாதைக்கும் சின்ன வண்டிக்கும் 60 போதும், கொஞ்சம் கனமான வண்டி வரும் தெருவென்றால் 80 கேட்பார்கள். எஸ்டிமேட்டில் 80 என்று போட்டுவிட்டுத் தெருவில் 60 கிடந்தால் அது வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேலுக்குத் தெரியும். உங்கள் தெருவில்தான் கல் பெயர்ந்து கிடக்கிறதே, அங்கேயே ஒன்றைத் தூக்கி அளந்து, ஸ்கேலோடு சேர்த்து போட்டோ எடுத்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிடுங்கள். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், அப்புறம் பொதுச் சொத்தைத் திருடியதாக உங்கள் மேலேயே கேஸ் வரும்.

‘முதல் மழைக்கே ஓரத்துக் கல் சரிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரியைத்தான் நான் கோடிட்டு வைத்தேன். இந்த வகை ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஓரத்தில் பிடிமானம் வேண்டும். அது இல்லாவிட்டால் கல் வெளியே நகரும், நடுவில் சந்து விழும், மணல் அடித்துக்கொண்டு போகும். எஸ்டிமேட்டில் ஓரக்கல்லுக்குப் பணம் ஒதுக்கியிருந்து, எம்-புக்கில் அளந்ததாகவும் எழுதியிருந்து, தெருவில் ஓரக்கல்லே இல்லை என்றால் ‘ஏன்’ என்று நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை.

மனுவை இப்படி எழுதலாம்: “2024-25 நிதியாண்டில் இன்ன ஊராட்சி, இன்ன தெருவில் மேற்கொள்ளப்பட்ட பேவர் பிளாக் சாலைப் பணி தொடர்பாக, மதிப்பீடு, நிர்வாக அனுமதி ஆணை, பணி ஆணை, உடன்படிக்கை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், இறுதிப் பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்கவும். மேற்படி கோப்பையும் பணியையும் நேரில் பார்வையிட நாளும் நேரமும் குறிப்பிடவும்.” அவ்வளவுதான். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டாம், பிரிவு 6(2) அதைக் கேட்கவே கூடாது என்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை மனு நகலோடு பின் பண்ணி வையுங்கள்.

உடன்படிக்கையை மறக்காமல் கேளுங்கள். வேலை முடிந்த பிறகு எவ்வளவு காலத்துக்குள் கெட்டுப்போனால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். அந்தக் காலம் இன்னும் முடியாமல் இருந்தால், ஊழல் கீழல் என்று எதுவும் பேசாமலேயே உங்கள் தெருவைச் சரிசெய்ய வைக்கலாம். உங்களுக்கு வேண்டியது ஆடாத ரோடுதானே?

யாருக்கு அனுப்புவது? உங்கள் முதல் மனுவில் ஊராட்சிக்கு மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். பதிவேட்டில் பாதி அங்கே இருக்காது. தீர்மான நோட்டும் வரவு செலவும் ஊராட்சியில், ஊராட்சிச் செயலரிடம் இருக்கும். எஸ்டிமேட்டும் எம்-புக்கும் பெரும்பாலும் ஒன்றிய அலுவலகத்தில், பொறியாளர் பிரிவில். அதனால் ஒரே மனுவை இரண்டு இடத்துக்கும் போடுங்கள், இருபது ரூபாய் செலவு. அலுவலரின் பெயரைத் தேடி அலைய வேண்டாம், ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று பதவிக்கு எழுதினால் போதும். தங்களிடம் இல்லாத தகவல் என்றால், வைத்திருக்கும் அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்பிவிட்டு உங்களுக்குத் தெரிவிப்பது அவர்கள் வேலை. பிரிவு 6(3). ‘இங்கே இல்லை’ என்று திருப்பி அனுப்புவது அவர்கள் வேலை இல்லை.

நேரில் பார்வையிடுவது பற்றி மேலே ஒரு வரி எழுதினேன். பிரிவு 2(ஜே) கொடுக்கும் இந்த உரிமையை எத்தனையோ பேர் கண்டுகொள்வதே இல்லை. நகல் மட்டும் கேட்டால், அவர்கள் எந்தப் பக்கத்தைத் தருகிறார்களோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். கோப்பை உங்கள் முன்னால் வைத்தால் நீங்களே புரட்டலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. குறிப்பு எடுக்கலாம், வேண்டிய பக்கத்தைச் சொல்லி நகல் வாங்கலாம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய். போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைக்கூடக் கேட்கலாம், அதாவது ஒரு கல்லை முத்திரை வைத்து வாங்கலாம்.

சில வருடம் முன்னால் ஒரு பெரியவருக்குத் துணையாக ஓர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். சிமெண்ட் ரோடு விவகாரம். எங்களை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, ‘சார் சைட்டுக்குப் போயிட்டார்’ என்றார்கள். பெரியவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அங்கேயே சாப்பிட ஆரம்பித்தார். அதைப் பார்த்தோ என்னவோ, எம்-புக் வந்தது. அதில் நீளம் 140 மீட்டர். பெரியவர் விரலால் அந்த எண்ணைத் தொட்டுக்கொண்டே, ‘தெரு நூத்திப்பத்துலயே முடிஞ்சு கோயில் மதில் வந்துடுதே, மிச்சம் முப்பது மீட்டர் சாமிக்குள்ளயா போட்டாங்க?’ என்றார். நகலுக்காக மட்டும் காத்திருந்தால் அந்தப் பக்கம் எங்களுக்கு வந்திருக்குமா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

அப்புறம் அந்த ‘மூன்றாம் நபர்’. இது பூச்சாண்டி. ஒருவர் ரகசியம் என்று நம்பிக் கொடுத்த தகவலுக்குத்தான் பிரிவு 11 பொருந்தும். அப்போதும் அவருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு அலுவலர்தான் முடிவெடுக்க வேண்டும். நோட்டீஸே கொடுக்காமல் ‘மூன்றாம் நபர்’ என்று எழுதி மூடிவிட முடியாது. பொதுப் பணத்தில் நடந்த வேலைக்கு யார் பில் வாங்கினார், எவ்வளவு வாங்கினார் என்பதில் ரகசியம் ஏது?

ஆனால் இன்னொரு சாக்கு இனிமேல் அதிகமாக வரும், இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் சேர்த்தே திருத்திவிட்டது. முன்பு தனிப்பட்ட தகவலாக இருந்தாலும், பொது நடவடிக்கையோடு சம்பந்தம் இல்லாதது, அல்லது வெளியிட்டால் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுவது என்று காட்டினால்தான் மறுக்கலாம். இப்போது அந்த நிபந்தனைகள் போய், ‘தனிப்பட்ட தகவல்’ என்பதே போதும் என்று சுருங்கிவிட்டது. எனக்கு இது பிடிக்கவில்லை, பயனாளிப் பட்டியலைக்கூட இதைச் சொல்லி மறைக்கப் பார்ப்பார்கள். ஆனால் 8(2) அப்படியே இருக்கிறது: மறைப்பதால் காக்கப்படுவதைவிட வெளியிடுவதில் பொதுநலன் அதிகம் என்றால் தரலாம். அதனால் மனுவில் ஒப்பந்ததாரரின் போன் நம்பர், வங்கிக் கணக்கு, ஆதார் என்று எதையும் கேட்டு அவர்களுக்குச் சாக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். உங்கள் பழைய மனுவின் 9-ஆவது கேள்வி அப்படிப்பட்டது.

‘பதிவேடுகள் முன்னாள் தலைவர் வசம்’ என்று எழுத்தில் கொடுத்தார்களே, அதைப் பத்திரமாக வையுங்கள். அவர்களே தங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட வரி அது. உங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து வந்த தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். பொறுப்பு மாறும்போது பதிவேடுகளும் கை மாற வேண்டும். அவை ஊராட்சியின் உடைமை, தலைவர் வீட்டுப் பீரோவில் இருக்க வேண்டிய நகைப் பெட்டி இல்லை. எனவே புதிய மனுவில் இன்னும் ஒன்றைச் சேருங்கள்: “பொறுப்பு ஒப்படைப்பின்போது தயாரிக்கப்பட்ட பதிவேடுகளின் பட்டியல் நகல். பதிவேடுகள் ஒப்படைக்கப்படவில்லை எனில், அவற்றைத் திரும்பப் பெற எடுத்த நடவடிக்கைக் கடிதங்களின் நகல்.” பட்டியலில் பதிவேடு இருந்தால் அது அலுவலகத்தில் இருக்கிறது. இல்லையென்றால், கேட்டு ஒரு கடிதமாவது எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் இன்றைய அலுவலர்தான். கோப்பைக் காணோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, தேடச் சொல்லவும் விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்கவும் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2013-இல் தில்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் இதைக் குறிப்பிடலாம்.

இதெல்லாம் முடியும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஊராட்சிக் கணக்குகளைப் போடும் மத்திய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைப் போட்டால் நிதிக்குழு மானியத்தில் நடந்த வேலைகளும் கொடுத்த பணமும் தெரியும். உங்கள் ரோடு எந்த நிதியில் வந்தது என்பதை முதலில் அங்கே தேடுங்கள். எம்.எல்.ஏ. நிதி, மாநிலத் திட்டம் என்றால் அதில் இருக்காது, பெயர்ப் பலகையைப் பாருங்கள். கிராம சபையும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. வரவு செலவை அங்கே வைக்க வேண்டும். உங்கள் தெருக்காரர்கள் பத்துப் பேர் போய், ‘பேவர் பிளாக் ரோட்டுக் கணக்கைப் படியுங்கள்’ என்று கேட்டு, கேட்டதைத் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள்.

ஊர்க் கணக்கை ஊர் நடுவில் படிப்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. நம் மாநிலம் 1997-இலேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் கொண்டு வந்தது, நாட்டிலேயே முதலாவது, ஆனால் அதில் விதிவிலக்குதான் நிறைய. இப்போது நாம் பயன்படுத்தும் 2005 மத்தியச் சட்டத்தின் வேர் இருப்பது ராஜஸ்தானில். அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் ஊராட்சி வேலைகளின் பில்லையும் வருகைப் பட்டியலையும் ஊர் முன்னால் சத்தமாகப் படித்தது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அவர்கள் கேட்டதும் உங்களைப் போலத்தான், பில்லின் நகல்.

இரண்டாவது மேல்முறையீடு வரை போக வேண்டி வருமா? வரலாம். முதல் மேல்முறையீட்டை 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிக்க வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே பல மாதம் காத்திருக்க நேரிடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அலுவலருக்கு அபராதம் உண்டு, ஆனால் அந்தப் பணம் உங்களுக்கு வராது. என் அனுபவத்தில், ஆவணத்தின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்கும் மனுக்களில் பாதிக்கு மேல் முதல் மேல்முறையீட்டோடு முடிந்துவிடுகின்றன. எம்-புக் என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே, விவரம் தெரிந்த ஆள் யாரோ பின்னால் இருக்கிறார் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

கடைசியாக அந்தத் தம்பி. பயப்படவே தேவையில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் தகவல் கேட்டதற்காக அடி வாங்கியவர்களும் உயிரை விட்டவர்களும் உண்டு. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகும் என்று தோன்றவில்லை, ஆனால் தனியாக நிற்காதீர்கள். புதிய மனுவை உங்கள் தெருவில் வேறு இரண்டு பேரும் தங்கள் பெயரில் போடட்டும், மூன்று மனு போன பிறகு ஒரு ஆளை மட்டும் மிரட்டிப் பயனில்லை. கோப்பைப் பார்க்கப் போகும்போது துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள். மிரட்டல் வார்த்தை வந்தால் தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்று உங்கள் அளவு நோட்டிலேயே ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள், தேவைப்பட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கலாம். மற்றபடி அவர் மறுபடி வந்தால் டீ சொல்லுங்கள், பேசுவதைக் கேளுங்கள். ‘திருப்தியாயிட்டேன், மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்’ என்று எழுதிய தாளை நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.